எண்ணெய் போகிறது... வழிவிட்ட நாட்டுக்கு என்ன வருகிறது?

ஆப்பிரிக்காவின் நடுவில், அட்லான்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் நாடு கேமரூன். நம்மில் பலருக்கு அந்தப் பெயர் கால்பந்தால் தெரியும். 1990 உலகக் கோப்பையில் கோல் அடித்துவிட்டு, மூலைக் கொடியருகே ஓடிப்போய் ரோஜர் மில்லா ஆடிய ஆட்டம் அப்படி!

அந்த நாட்டின் தெற்குக் கடற்கரையில் க்ரிபி என்று ஓர் ஊர். வெள்ளை மணல், தென்னை மரங்கள், பக்கத்திலேயே நேராகக் கடலில் போய் விழும் லோபே அருவி என்று சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்த இடம். மீனவர்கள் நிறைந்த ஊரும்கூட.

க்ரிபி கரையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி, கடலில் ஒரு பெரிய கப்பல் நிற்கிறது. 2003-ல் வந்து நின்ற கப்பல் அது. இன்னும் புறப்படவில்லை. உண்மையில் அது மிதக்கும் எண்ணெய்த் தொட்டி. பக்கத்து நாட்டிலிருந்து குழாய் வழியாக வரும் கச்சா எண்ணெய் அதில் சேரும். வேறு கப்பல்கள் வந்து அதை நிரப்பிக்கொண்டு உலகத்தின் பல மூலைகளுக்கும் கிளம்பிவிடும்.

எண்ணெய் கேமரூனுடையது இல்லை. வாங்குகிறவர்களும் கேமரூன்காரர்கள் இல்லை. ஆனால் குழாயின் பெரும்பகுதி கேமரூன் மண்ணுக்கு அடியில்தான் புதைந்திருக்கிறது. இப்படி வழிவிட்டதால் அந்த நாட்டுக்கு என்ன லாபம்?

உலகில் எங்கு எல்லை தாண்டிக் குழாய் போட்டாலும் எழும் கேள்வி இது. கேமரூனின் 20 ஆண்டு அனுபவத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. கொஞ்சம் கசப்பான பதில்தான்.

கடல் இல்லாத நாடு

கேமரூனுக்கு வடகிழக்கே இருக்கிறது சாட். நாலாபுறமும் நிலத்தால் சூழப்பட்ட, மிக ஏழ்மையான நாடு. அதன் தெற்கே டோபா பகுதியில் எண்ணெய் இருப்பது பல காலமாகவே தெரியும். ஆனால் எடுத்து என்ன செய்வது? விற்க வேண்டுமானால் கப்பலில் ஏற்ற வேண்டும். கப்பலுக்குக் கடல் வேண்டும். கடலோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

அதனால் வந்ததுதான் சாட் – கேமரூன் குழாய்ப் பாதை. மொத்த நீளம் 1,070 கிலோமீட்டர். அதில் சுமார் 890 கிலோமீட்டர் கேமரூனுக்குள் ஓடுகிறது. அதாவது, ஆறு பங்கில் ஐந்து பங்கு!

அமெரிக்காவின் எக்ஸான்மொபில், செவ்ரான், மலேசியாவின் பெட்ரோனாஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து இறங்கின. சுமார் 370 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டு ஆரம்பித்தார்கள். 2000-ம் ஆண்டு ஜூன் மாதம் உலக வங்கி ஒப்புதல் கொடுத்தது. அதே ஆண்டு வேலை தொடங்கியது. 2003 ஜூலையில் குழாயில் எண்ணெய் பாய்ந்தது. அக்டோபரில் முதல் கப்பல் கிளம்பியது.

உலக வங்கி ஏன் இதில் நுழைந்தது? அரசுகளை நம்பி இத்தனை பணத்தைப் போட நிறுவனங்கள் தயங்கின. உலக வங்கி கூட இருந்தால் நாளைக்கு யாரும் ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட மாட்டார்கள் என்ற தைரியம் அவர்களுக்கு. 'எண்ணெய்ப் பணத்தை ஏழைகளுக்குப் போய்ச் சேரவைத்துக் காட்டுகிறோம்' என்றது உலக வங்கி. இந்தத் திட்டம் மற்ற நாடுகளுக்கெல்லாம் முன்மாதிரி ஆகும் என்று பெரிதாகப் பேசப்பட்டது.

லிட்டருக்கு 11 பைசா

கேமரூனுக்குக் கிடைத்தது என்ன? முதல் வரவு, வழிக்கட்டணம். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியில் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள் அல்லவா, அதேபோல ஒவ்வொரு பீப்பாய்க்கும் இவ்வளவு என்று பேசிக்கொண்டார்கள்.

எவ்வளவு? பீப்பாய்க்கு 41 சென்ட். அரை டாலர்கூட இல்லை.

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அன்றைய டாலர் மதிப்பில் கணக்குப் போட்டால் லிட்டருக்கு சுமார் 11 பைசா வருகிறது. 890 கிலோமீட்டர் நிலத்தைக் கொடுத்து, காட்டை வெட்டவிட்டு, ஆறுகளுக்கு அடியில் குழாய் போடவிட்டு, கடலையும் கொடுத்ததற்கு 11 பைசா.

மொத்தமாகப் பார்த்தால் எவ்வளவு வரும்? ஆரம்ப காலத்தில் குழாயில் அதிகபட்சமாக ஒரு நாளைக்கு சுமார் 2.25 லட்சம் பீப்பாய் ஓடியது. வருடம் முழுக்க அதே வேகத்தில் ஓடினால்கூட, வழிக்கட்டணம் 3.4 கோடி டாலரைத் தாண்டாது. அப்போது கேமரூனின் மக்கள்தொகை ஒன்றரைக் கோடிக்கும் மேல். தலைக்கு வருடத்துக்கு 2 டாலர்!

இன்னொரு சங்கடமும் இருந்தது. கட்டணம் எண்ணெய் விலையோடு சேர்ந்து ஏறாது. 2008 ஜூலையில் உலகச் சந்தையில் பீப்பாய் விலை 140 டாலரைத் தாண்டிப் பறந்தது. சாட் அரசுக்கு அந்தக் காலத்தில் எண்ணெய் வருமானம் ஆண்டுக்கு 100 கோடி டாலரைத் தாண்டியது. கேமரூனுக்கு அப்போதும் அதே 41 சென்ட்தான். அதற்குள் டோபா வயல்களில் எண்ணெய் குறையத் தொடங்கி, குழாயில் ஓடும் அளவும் இறங்கிவிட்டது. விலை உச்சத்தில் இருந்தபோது கேமரூனின் வரவு குறைந்தது என்பதுதான் வேடிக்கை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். விலை ஏறினால் கட்டணம் ஏறாது என்றால், விலை விழுந்தால் கட்டணம் விழாது என்றும் அர்த்தம். 2016 ஜனவரியில் எண்ணெய் விலை 30 டாலருக்கும் கீழே சரிந்தது. சாட் அரசு சம்பளம் கொடுக்கத் திணறியது. கேமரூனின் வழிக்கட்டணத்தில் ஒரு சென்ட்டும் குறையவில்லை. வாடகைக்கு விட்டவருக்கும் கடை நடத்துகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இது. வியாபாரம் நொடித்தாலும் வாடகை வரும். ஆனால், கொழித்தால் பங்கு வராது.

வழிக்கட்டணம் போக, கேமரூனில் குழாயை நடத்தும் நிறுவனத்தில் அரசுக்கு சுமார் 5 சதவிகிதப் பங்கு இருந்தது. அதில் கொஞ்சம் லாபத்தொகை, கொஞ்சம் வரி. அந்தப் பங்கை வாங்கவும் உலக வங்கியிடம் கடன்தான் வாங்கியிருந்தது கேமரூன்.

மூன்று வருடத் திருவிழா

குழாய் போடும்போது வேலை கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைத்தது. வேலை மும்முரமாக நடந்தபோது, இரண்டு நாடுகளிலும் சேர்த்து 13,000 பேர் வரை வேலை பார்த்தார்கள். டுவாலா துறைமுகத்தில் இறங்கிய குழாய்கள் ரயிலில் ஏறி உள்நாட்டுக்குப் போயின. வழியில் இருந்த சின்னச் சின்ன ஊர்களில் ஓட்டல்கள் முளைத்தன. லாரி டிரைவர்கள், வெல்டர்கள், காவலாளிகள், சமையல்காரர்கள் என்று கூட்டம். வீட்டு வாடகை ஏறியது. அரிசி, மீன் விலையும் ஏறியது.

2003-ல் குழாய் மூடப்பட்டு மண் நிரவப்பட்டது. கூட்டமும் கலைந்தது. குழாயை ஓட்டுவதற்குப் பெரிய ஆள்படை தேவையில்லை. அழுத்தம் கொடுக்கும் பம்ப் நிலையங்கள், கட்டுப்பாட்டு அறைகள், ரோந்து வேலை ஆகியவற்றுக்குச் சில நூறு பேர் போதும். அதிலும் நுட்பம் தெரிந்தவர்களுக்குத்தான் இடம். பள்ளம் தோண்டியவர்கள் பழையபடி வயலுக்குத் திரும்பினார்கள். வெளியூர் ஆட்கள் தங்கிய ஊர்களில் எய்ட்ஸ் பரவும் அபாயம் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருந்தது.

சரி, அந்த எண்ணெயாவது உள்ளூரில் பயன்பட்டதா? இல்லை. குழாயில் ஓடுவது கச்சா எண்ணெய். அதை அடுப்பிலும் ஊற்ற முடியாது, மோட்டார் சைக்கிளிலும் ஊற்ற முடியாது. கேமரூனில் லிம்பே என்ற ஊரில் ஒரு சுத்திகரிப்பு ஆலை இருந்தது. ஆனால் சாட்டின் கனமான எண்ணெய் அங்கே போகவில்லை. நேராகக் கடலுக்குப் போய்விட்டது. 2019 மே மாதத்தில் அந்த ஆலையும் தீப்பற்றி நின்றுபோனது. பெட்ரோல், டீசலை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடாகிவிட்டது கேமரூன். அதன் மண்ணுக்கடியில் மட்டும் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மரத்துக்குக் காசு, மண்ணுக்கு இல்லை

குழாய் போன வழியில் இருந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். பணமாகவும் பொருளாகவும் கொடுத்தார்கள். சில ஊர்களுக்குப் பொதுவாகக் கிணறு, பள்ளி வகுப்பறை போன்றவை கிடைத்தன. இதை மறைக்கக் கூடாது. ஆப்பிரிக்காவில் அதற்கு முன் நடந்த பல திட்டங்களில் இந்த அளவுக்குக்கூடச் செய்ததில்லை.

ஆனால் எதற்கு நஷ்டஈடு என்பதில்தான் சிக்கல். கேமரூனின் 1974-ம் ஆண்டு நிலச் சட்டப்படி, முறையாகப் பதிவு செய்யாத நிலம் எல்லாம் அரசின் பொறுப்பில் உள்ள தேசிய நிலம். கிராமங்களில் பத்திரம் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பாட்டன் காலத்திலிருந்து உழுகிறோம் என்பதுதான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். ஆக, பயிருக்குக் காசு, மரத்துக்குக் காசு. மண்ணுக்குக் காசு இல்லை.

மரத்துக்கும் என்ன விலை? சாட் பக்கத்தில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. ஒரு மாமரத்துக்கு முதலில் சொன்ன தொகை அற்பம். 'ஒரு மாமரம் காய்க்க எத்தனை வருடம் ஆகும்? காய்க்க ஆரம்பித்தால் எத்தனை வருடம் காய்க்கும்? அத்தனையும் கணக்கில் வர வேண்டாமா?' என்று தொண்டு நிறுவனங்கள் கேட்டன. தொகை பல மடங்கு உயர்ந்தது. கேட்டதால் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேட்கத் தெரியாதவர்களின் கதை வேறு. லோலோடார்ஃப் ஊருக்கும் க்ரிபிக்கும் இடையே உள்ள காடுகளில் பாக்யேலி என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். வேட்டை, தேன், கிழங்கு, மூலிகை என்று காட்டையே நம்பி வாழ்கிறவர்கள். அவர்களுக்கு வயல் இல்லை, எனவே எண்ணிக் கொடுக்கப் பயிர் இல்லை. பலருக்கு அடையாள அட்டையும் இல்லை. குழாய் அவர்கள் காட்டைக் கிழித்துக்கொண்டு போனது. நஷ்டஈட்டில் பெரும்பகுதி, பக்கத்தில் விவசாயம் செய்யும் பெரிய சமூகத்தினருக்கே போனது. அவர்கள் பெயரில்தான் எழுதப்பட்ட கணக்கு இருந்தது.

பாக்யேலி மக்களுக்காகவும், காட்டைக் காப்பாற்றவும் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். அதற்கு ஒதுக்கிய மூலதனம் 35 லட்சம் டாலர். திட்டத்தின் மதிப்பு 370 கோடி டாலர் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பார்த்தால், ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பணத்திலிருந்து வருகிற வருமானத்தில்தான் பாக்யேலிகளின் படிப்பு, மருத்துவம், நிலம் எல்லாம் பார்க்க வேண்டும். கூடவே இரண்டு பெரிய தேசியப் பூங்காக்களுக்கும் உதவ வேண்டும்.

அந்தப் பூங்காக்கள் நல்ல காரியம்தான். கேம்போ மான், ம்பாம் – ஜெரெம் என்ற இரண்டு வனப்பகுதிகள், குழாயால் அழிந்த காட்டுக்கு ஈடாக 2000-ல் தேசியப் பூங்காக்கள் ஆயின. யானையும் குரங்குகளும் வாழும் காடுகள் அவை. குழாய் வரவில்லை என்றால் அந்தப் பாதுகாப்பு அப்போதே கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

க்ரிபி மீனவர்களின் கணக்கு

குழாய் கடலில் இறங்கும் க்ரிபிக்கு மறுபடி வருவோம். கடலுக்கடியில் குழாய் பதிக்கும்போது, மீன்கள் கூடும் பாறைத்திட்டு ஒன்றை உடைத்துவிட்டார்கள் என்று மீனவர்கள் புகார் சொன்னார்கள். பாறைத்திட்டு என்றால் மீனவனுக்கு அது வயல் மாதிரி. அங்கேதான் மீன் குஞ்சு பொரிக்கும், மேயும். அது போனால் கட்டுமரக்காரன் இன்னும் தூரம் போக வேண்டும், இன்னும் எரிபொருள் செலவழிக்க வேண்டும்.

2007 ஜனவரியில், எண்ணெய் ஏற்றும் இடத்தில் கசிவு ஏற்பட்டது. பெரிய கசிவு இல்லை என்றது நிறுவனம். அளவு சின்னதாகவே இருக்கட்டும். கசிந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், மீன் பிடிக்கப் போகலாமா கூடாதா என்று ஊருக்கு யார் அறிவிப்பது, நஷ்டத்தை யார் தருவது என்ற கேள்விகள் அப்போதுதான் உறைத்தன.

மீனவர்கள், வேலை இழந்தவர்கள், பாக்யேலிகள் எல்லோரும் சேர்ந்த புகார் ஒன்று, 2011-ல் உலக வங்கிக் குழுமத்தின் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் போனது. உட்கார்ந்து பேசினார்கள். குழாயில் எண்ணெய் பாய்ந்து எட்டு வருடம் ஆன பிறகு!

ஒரு நாட்டுக்குச் சட்டம், இன்னொன்றுக்கு இல்லை

சாட்டுக்கு எண்ணெய்ப் பணம் வருமுன்பே ஒரு சட்டம் போடவைத்தது உலக வங்கி. 1999-ல் வந்த அந்தச் சட்டப்படி, பணத்தில் 10 சதவிகிதம் வருங்காலத் தலைமுறைக்கு என்று தனியாகப் போக வேண்டும். மீதியில் பெரும்பங்கு பள்ளி, மருத்துவமனை, சாலை, குடிநீர் போன்றவற்றுக்கு. எண்ணெய் எடுக்கும் டோபா பகுதிக்கு மட்டும் 5 சதவிகிதம்.

சட்டம் ஏட்டில் அழகாக இருந்தது. நடைமுறை? ஒப்பந்தம் போட்டதும் கையில் வந்த முன்பணத்தில் சுமார் 40 லட்சம் டாலரை அதிபர் இத்ரிஸ் டெபியின் அரசு ஆயுதம் வாங்கச் செலவழித்தது. 2005 கடைசியில் சட்டத்தையே திருத்தி, வருங்காலத் தலைமுறைப் பணத்தில் கைவைத்தார்கள். உலக வங்கி கடன்களை நிறுத்தியது. பிறகு சமாதானம், மறுபடி மனஸ்தாபம். கடைசியில் 2008 செப்டம்பரில் சாட் தன் கடனை முன்கூட்டியே கட்டிவிட்டது. உலக வங்கி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. முன்மாதிரி என்று சொன்ன திட்டம் ஐந்தே வருடத்தில் அப்படி முடிந்தது.

சாட் கதையை உலகமே பேசியது. கேமரூனைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. காரணம், கேமரூனுக்கு அப்படிச் சட்டமே கிடையாது. வருவது சின்னத் தொகைதானே என்று விட்டுவிட்டார்கள். வழிக்கட்டணம் நேராகத் தலைநகர் கஜானாவுக்குப் போகும். குழாய் போகும் ஊர்களுக்கு இவ்வளவு பங்கு என்று எதுவும் எழுதிவைக்கவில்லை.

கேமரூன் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 'நாட்டுக்கு லாபம்' என்று சொல்லும்போது நாடு என்பது யார்? குழாயால் இழப்பு ஏற்பட்டது 890 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய கீற்றில் வாழ்கிறவர்களுக்கு. வரவு போனதோ தலைநகருக்கு. இரண்டையும் கூட்டிக் கழித்து 'லாபம்' என்று எழுதிவிடலாம். ஆனால் இழந்தவர் ஒருவர், வாங்கியவர் வேறொருவர்.

கேட்டால் ஏறும்

கேமரூன் சும்மாவே இருந்துவிடவில்லை. 2013 அக்டோபரில் மறுபடி பேசி, கட்டணத்தை 41 சென்ட்டிலிருந்து 1 டாலர் 30 சென்ட்டாக உயர்த்தியது. ஒரே தாவலில் மூன்று மடங்கு! குழாய் மூடப்படவில்லை, எண்ணெய் நிற்கவில்லை, எந்த நிறுவனமும் கோபித்துக்கொண்டு ஓடவில்லை.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. முதலில் பேசிய 41 சென்ட் ரொம்பக் குறைவு. குழாய் போடுமுன், 'நீ இல்லாவிட்டால் வேறு வழி, இல்லாவிட்டால் திட்டமே வேண்டாம்' என்று நிறுவனங்கள் சொல்ல முடியும். போட்ட பிறகு குழாயைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்போது வழிவிட்ட நாட்டின் கை ஓங்கும். ஆனால் கேமரூன் அந்தப் பேச்சுக்கு வருவதற்குள் பத்து வருடம் ஓடிவிட்டது. எண்ணெய் அதிகம் பாய்ந்த காலமும், விலை உச்சம் தொட்ட காலமும் அந்தப் பத்து வருடத்துக்குள்தான் போயின.

2023-ல் இன்னொரு காட்சி. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே எக்ஸான்மொபில் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியிருந்தது. வாங்கிய சவன்னா எனர்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சொத்துகளை சாட் அரசு தேசியமயமாக்கியது. அதே சமயம், குழாய் நிறுவனத்தில் 10 சதவிகிதப் பங்கை சவன்னாவிடமிருந்து வாங்க கேமரூனின் அரசு எண்ணெய் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. சாட்டுக்கு வந்ததே கோபம்! கேமரூனிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. குழாய் என்பது வெறும் வியாபாரம் என்று நினைத்தால், இரண்டு அரசுகளின் உறவையே அது ஆட்டிவைக்கும் என்பதற்கு இது சாட்சி.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

காஸ்பியன் கடலோர அஜர்பைஜானிலிருந்து துருக்கிக்கு 2006-ல் ஓர் எண்ணெய்க் குழாய் திறந்தார்கள். மொத்தம் 1,768 கிலோமீட்டர். நடுவில் ஜார்ஜியா என்ற சின்ன நாட்டில் 249 கிலோமீட்டர். அதன் பக்கத்திலேயே எரிவாயுக் குழாய் ஒன்றும் வந்தது.

ஜார்ஜியா ஒரு புத்திசாலித்தனம் செய்தது. எரிவாயுக் குழாய்க்குக் காசாக மட்டும் கேட்காமல், ஓடும் வாயுவில் 5 சதவிகிதத்தைப் பொருளாகவே கேட்டு வாங்கியது. கொஞ்சம் வாயுவைச் சலுகை விலையிலும் வாங்க ஏற்பாடு செய்தது. 2006 ஜனவரியில் ரஷ்யாவிலிருந்து வரும் எரிவாயுக் குழாய் வெடித்து, கடும் பனியில் ஜார்ஜியா மக்கள் நடுங்கினார்கள். புதிய குழாய் வந்த பிறகு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஒரே ஒரு நாட்டை நம்பியிருக்கும் நிலை மாறியது. அந்த மாற்றம் வீடுவரை போய்ச் சேர்ந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் எண்ணெயை தான்சானியா வழியாகக் கடலுக்குக் கொண்டுபோகும் திட்டம் 1,443 கிலோமீட்டர் நீளம். அதில் சுமார் 80 சதவிகிதம் தான்சானியாவில். கேமரூன் மாதிரியே வழிவிடும் நாடு. ஆனால் குழாய் நிறுவனத்தில் தான்சானியாவின் பங்கு 15 சதவிகிதம். அதே சமயம், அங்கேயும் நிலம் இழந்தவர்களின் புகார்கள் நீண்டுகொண்டே போயின. பங்கு கூடினால் மட்டும் கீற்றில் இருப்பவர்களின் பிரச்னை தீர்ந்துவிடாது.

'வழி நம் கையில்தானே, மூடிவிட்டால் ஆயிற்று' என்று அதிகாரம் காட்டலாமா? நைஜர் நாட்டின் எண்ணெய் பெனின் வழியாகக் கடலுக்குப் போகிறது. 2024 மே மாதம், எல்லைத் தகராறில் கப்பலில் எண்ணெய் ஏற்ற பெனின் தடை போட்டது. நைஜருக்கு விற்பனை நின்றது. பெனினுக்கு வழிக்கட்டணம் நின்றது. பிறகு இருவரும் பேச்சுவார்த்தைக்கு வரவேண்டியதாயிற்று. கதவைச் சாத்தினால் வாடகையும் வராது.

ஆக, லாபமா நஷ்டமா?

கேமரூனுக்கு நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. கஜானாவுக்கு நிலையான ஒரு வரவு வந்தது. 2013-க்குப் பிறகு அது சொல்லிக்கொள்ளும்படி உயர்ந்தது. இரண்டு காடுகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. பக்கத்து நாட்டோடு பேசும்போது கைக்கு ஒரு பலம் கிடைத்தது. ஆனால் திட்டம் தொடங்கியபோது சொன்ன பெரிய பெரிய வார்த்தைகளுக்கும் 890 கிலோமீட்டர் கீற்றில் வாழ்கிறவர்களுக்குக் கிடைத்ததற்கும் உள்ள தூரம், குழாயின் நீளத்தைவிட அதிகம்.

குழாய்க்கு வழிவிடப்போகும் எந்த நாட்டின் மக்களும் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. கட்டணம் எண்ணெய் விலையோடு சேர்ந்து ஏறுமா? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பேசலாம்? காசு மட்டும்தானா, பொருளாகவும் பங்காகவும் கிடைக்குமா? குழாய் போகும் ஊர்களுக்கு என்று எத்தனை சதவிகிதம் எழுதிவைக்கப்படும்? பட்டா இல்லாதவர்களை யார் கணக்கெடுப்பார்கள்? கசிந்தால் முதல் நாளே யார் பணம் கொடுப்பார்கள்?

கேமரூன் இவற்றில் பலவற்றைக் கேட்டது. ஆனால் குழாயை மண் போட்டு மூடிய பிறகு கேட்டது. க்ரிபி கடலில் அந்தக் கப்பல் இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் மீனவர்கள் தினமும் வலை போடப் போகிறார்கள்.